தைவானுக்கு எப்ப போகவே கூடாது? பிப்ரவரியா, மே கடைசியா, செப்டம்பர் கடைசியா

ஜன்னல்சீட்

எல்லாருக்கும் வணக்கம். 2026-ல தைவான் போலாம்னு ப்ளான் போட்டுட்டு இருக்கோம். நான், ஹஸ்பண்ட், ஆறு வயசுப் பையன், அம்மா, அப்பா. அப்பாவுக்கு முட்டி வலி, படி ஏறுறது கஷ்டம். பார்க்கணும்னு எழுதி வச்சிருக்கறது தைபே, ஜியுஃபென் மலை ஊர், டரோகோ பள்ளத்தாக்கு, அலிஷான் மலை, சன் மூன் லேக், அப்புறம் பையனுக்காக கெண்டிங் பீச்.

பிரச்சினை என்னன்னா ரெண்டு பேருக்கும் சேர்ந்தாப்ல லீவு கிடைக்கற தேதி மூணே மூணுதான். பிப்ரவரி 13 டூ 22, மே 23 டூ ஜூன் 1, இல்லன்னா செப்டம்பர் 24 டூ அக்டோபர் 3. எங்க பார்த்தாலும் "அக்டோபர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும் நல்ல சீசன்"னு பொதுவா எழுதி வச்சிருக்கான், அத நம்பி பிப்ரவரி போட்டுடலாம்னு கை டிக்கெட் பக்கம் போயிடுச்சு, ஆனா போடறதுக்கு முன்னாடி அங்க இருக்கறவங்க கிட்ட கேட்டுக்கலாம்னு வந்தேன். எது பெஸ்ட்னு கேக்கல. இந்த மூணுல எதுல போனா நொந்து போயிடுவோம், அத மட்டும் சொல்லுங்க போதும்.

கீலுங்வாசி

நீங்க தேடிப் புடிச்சு மூணு செலக்ட் பண்ணிருக்கீங்க பாருங்க, அதுக்கே ஒரு சலாம் 😂 ஒண்ணு சந்திரப் புத்தாண்டு, ஒண்ணு மெய்யூன்னு சொல்ற மே-ஜூன் மழை, ஒண்ணு புயல் சீசன். வேற எதுவும் மிச்சம் இல்ல.

பிப்ரவரி வேண்டவே வேண்டாம். நான் இருக்கறது கீலுங், தைபேல இருந்து ரயில்ல முக்கால் மணி நேரம், இந்த ஊருக்கு பேரே மழைத் துறைமுகம். அக்டோபர்ல வடகிழக்குக் காத்து ஆரம்பிச்சா மார்ச் வரைக்கும் வானம் சாம்பல் கலர்தான். கொட்டற மழையா இருந்தா கூட ஒரு மணி நேரம் ஒதுங்கி நின்னுட்டு போயிடலாம். இது அப்படி இல்ல, தூறல், சாரல், மறுபடி தூறல், நாள் முழுக்க. ஜனவரில மட்டும் எங்க ஊர்ல 300 மில்லிமீட்டருக்கு மேல பெய்யும், அதுவும் மாசத்துல பாதி நாளுக்கு மேல நனையும். துணி காயாது. செருப்புல பூஞ்சை புடிக்கும். வீட்டுக்கு வீடு ஈரம் உறிஞ்சற மெஷின் ஓடிட்டே இருக்கும், ஒரு ராத்திரில அதுல சேர்ற தண்ணியப் பார்த்தீங்கன்னா நம்பவே மாட்டீங்க. ஜியுஃபென் இங்க இருந்து மலைக்கு மேல, அங்க இதவிட மோசம், அதுவும் முழுக்க படிக்கட்டு, ஈரக் கல்லு. முட்டி வலி இருக்கறவர கூட்டிட்டு அங்க பிப்ரவரில வராதீங்க.

தெற்குச்சீமை

அண்ணே கீலுங்க வச்சு மொத்தத் தீவையும் எடை போடாதீங்க. நான் தெற்குல காவ்ஷியுங். டிசம்பர் ஜனவரில எங்க ஊர்ல மாசத்துக்கு 20 மி.மீ பெஞ்சா அதிகம். வெயில் அடிக்கும், சாயங்காலம் லேசா ஒரு ஜாக்கெட், அவ்ளோதான். கடகரேகை நடுவுல சியாயி வழியா ஓடுது, அதுக்கு மேல ஒரு நாடு கீழ ஒரு நாடு.

ஜன்னல்சீட் அக்கா, சூட்சுமம் இதுதான். நடுவுல மலை நிக்குது, 3,000 மீட்டருக்கு மேல இருக்கற சிகரம் மட்டும் எரநூறத் தாண்டும். குளிர்காலக் காத்து வடகிழக்குல இருந்து கடல் மேல ஈரத்த அள்ளிட்டு வந்து கீலுங், இலான், தைபே பக்க மலைல மோதி அங்கயே கொட்டிட்டு, எங்களுக்கு வரும்போது வறண்டு போய் வருது. கோடைல தென்மேற்குக் காத்து, அப்ப அப்படியே உல்டா, நாங்க நனைவோம், எங்க வருஷ மழைல முக்கால்வாசிக்கு மேல, மே மாசத்துல இருந்து செப்டம்பருக்குள்ள வந்துடும். அதனால "தைவானுக்கு எந்த மாசம் மோசம்"ங்கற கேள்விக்கே பதில் கிடையாது, மலைக்கு எந்தப் பக்கம்னு சொன்னாத்தான் பதில்.

குடைக்காரி

தெற்கு தம்பி சொல்றது சரி, ஆனா குளிர்காலத்துல தெற்கப் பத்தி ஒண்ண மறைக்கறாரு. காத்து மலைக்குப் பின்னாடி நின்னு போயிடும், அதனால தைச்சுங்ல இருந்து யுன்லின், காவ்ஷியுங் வரைக்கும் புகை அப்படியே தேங்கும். நவம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் காத்துல நுண் தூசு (பிஎம் 2.5) பல நாள் மோசமாத்தான் இருக்கும். ஆறு வயசுப் பையனுக்கு வீசிங் கீசிங் இருந்தா பாத்துக்கோங்க. வெயில் இருக்கும், ஆனா எதிர்க்க இருக்கற கட்டடம் மங்கலாத் தெரியும்.

தெற்குச்சீமை

அது உண்மைதான், மறுக்கல. ஆப்ல காத்து தரம் பார்த்துட்டு கெளம்பறது எங்களுக்குப் பழகிடுச்சு.

ஷின்சு_காத்து

நான் ஷின்சுல சிப் கம்பெனில வேலை. மழையப் பத்தி எல்லாரும் பேசறீங்க, பிப்ரவரி 13 டூ 22-ங்கற தேதியப் பாருங்க மொதல்ல. 2026-ல சந்திரப் புத்தாண்டு பிப்ரவரி 17. அரசு லீவு 14-ல இருந்து 22 வரைக்கும், ஒன்பது நாள். அக்கா நீங்க அந்த ஒன்பது நாள அப்படியே வெட்டி எடுத்து ஒட்டிருக்கீங்க.

இது மழைய விட பெரிய விஷயம். தைபேல இருக்கறவன்ல பாதிப் பேர் சொந்த ஊருக்குக் கெளம்புவான், ஹைவே நாள் பூரா நகராது, ரயில் டிக்கெட் திறந்த உடனே காலி. புத்தாண்டுக்கு மொத நாள் சாயங்காலம் ஊரே வெறிச்சுன்னு ஆயிடும், குடும்பத்தோட சாப்பிடப் போயிடுவாங்க, அடுத்த ரெண்டு மூணு நாளைக்கு சின்னச் சின்ன சாப்பாட்டுக் கடை எதுவும் திறக்காது, செவன், ஃபேமிலிமார்ட் மாதிரி கன்வீனியன்ஸ் ஸ்டோர்தான் கதி. நீங்க சைவமா இருந்தா இன்னும் கஷ்டம், ஏன்னா மத்த நாள்ல தெருவுக்குத் தெரு இருக்கற சைவ பஃபே எல்லாம் அந்த வாரம் ஷட்டர் போட்டுடுவாங்க. மூணாம் நாள்ல இருந்து அப்படியே திரும்பும், ஒட்டுமொத்த ஜனமும் டூர் கெளம்பிடும், அலிஷான், சன் மூன் லேக் எல்லாம் தலைதான் தெரியும். ஹோட்டல் ரேட் ரெண்டு மடங்கு, சில இடத்துல அதுக்கும் மேல.

ரயில்பித்தன்

டிக்கெட் விஷயம் நான் சொல்றேன். சாதாரண நாள்ல ஹை ஸ்பீடு ரயில் 28 நாள் முன்னாடி திறக்கும், தைபே டூ ஸுவோயிங் (காவ்ஷியுங்ல இருக்கற ஸ்டேஷன்) 1,490 தைவான் டாலர், வேகமான வண்டில ஒன்றரை மணி நேரம் சொச்சம். புத்தாண்டுக்கு தனியா தேதி அறிவிச்சு நடுராத்திரி திறப்பாங்க, நல்ல டைம் எல்லாம் கொஞ்ச நேரத்துல போயிடும். ஃப்ரீ சீட்டிங் பெட்டி இருக்கு, அதுல ஏறலாம், ஆனா நின்னுக்கிட்டேதான் வரணும், அப்பாவால முடியாது.

ஹை ஸ்பீடு கூட பரவால்ல. கிழக்குப் பக்கம் ஹுவாலியன், தைதுங் போற சாதா ரயில் இருக்கே, அது சாதாரண வெள்ளிக்கிழமையே கிடைக்காது. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கடல், இருக்கற ரோடு சுஹுவா ஒண்ணு, அதனால ஊரே அந்த ரயில நம்பித்தான்.

கீலுங்வாசி

ஷின்சு சொன்னத அப்படியே வழிமொழியறேன். வெளிய 12 டிகிரி, தூறல், கடை பூட்டி, ரூம்ல ஹீட்டர் கிடையாது. இங்க நிறைய வீட்லயும் சின்ன ஹோட்டல்லயும் ஏசி குளிர் காத்து மட்டும்தான் அடிக்கும். 12 டிகிரின்னா என்ன பெரிய குளிர்னு தோணும், இங்க வந்து ஈரத்தோட நின்னா எலும்புக்குள்ள போகும். 2016 ஜனவரில தைபேலயே 4 டிகிரிக்கு இறங்கிச்சு. பெய்டோ வெந்நீர் ஊத்துக்குப் போறவங்களுக்கு மட்டும் இந்தக் குளிர் வசதி.

ஜன்னல்சீட்

ஐயோ. நல்ல வேளை கேட்டேன். புத்தாண்டு பிப்ரவரில வரும்னு தெரியும், கலர்ஃபுல்லா இருக்கும், பையன் சிங்க நடனம் பார்ப்பான்னு கூட நெனைச்சு வச்சிருந்தேன். சரி பிப்ரவரி கேன்சல். செப்டம்பர் கடைசி? புயல் ஜூலை ஆகஸ்ட்தானே, செப்டம்பர் கடைசில குறைஞ்சிருக்கும்ல?

மலையேறி

குறையாது. தயவு செஞ்சு இந்த நினைப்ப விட்டுடுங்க. கடைசி மூணு வருஷத்த மட்டும் பாருங்க. 2023 அக்டோபர் மொத வாரம் கொய்னு, லான்யு தீவுல காத்து நொடிக்கு 95.2 மீட்டர், அதாவது மணிக்கு 340 கிலோமீட்டருக்கு மேல. 2024-ல கிராத்தான் அக்டோபர் 3-ந் தேதி காவ்ஷியுங்லயே கரை ஏறிச்சு. அதே மாசம் 31-ந் தேதி காங்-ரே, தைதுங் பக்கம் ஏறிச்சு, தீவு முழுக்க லீவு விட்டாங்க. 2025 செப்டம்பர் 23, ரகாசா, புயல் கண்ணு தைவான தொடவே இல்ல, தெக்கால போச்சு, ஆனா அதோட மழைல ஹுவாலியன் மலைல மண் சரிஞ்சு அடைச்சு உருவான ஏரி நிரம்பி வழிஞ்சு குவாங்ஃபு டவுனுக்குள்ள சேறும் தண்ணியும் புகுந்து நிறைய பேர் செத்தாங்க. நீங்க சொல்ற தேதிக்கு ஒரு நாள் முன்னாடி அது.

இன்னொண்ணு, இது வெளிய இருந்து வர்றவங்களுக்குத் தெரியாது. அக்டோபர் வந்துட்டா வடகிழக்குக் காத்து இறங்க ஆரம்பிக்கும், அப்ப தூரத்துல ஒரு புயல் போனாக் கூட ரெண்டும் சேர்ந்து இலான் மலைல மோதி பேய் மழை. 2010 அக்டோபர்ல மேகி புயல் அப்படித்தான், புயல் தைவான்ல கரை ஏறவே இல்ல, சூஆவ்ல 1,000 மி.மீக்கு மேல கொட்டி சுஹுவா ரோட்ல மலை சரிஞ்சு சீனாவுல இருந்து வந்த டூரிஸ்டுங்க இருந்த பஸ் போயிடுச்சு. படத்துல புயல் கோடு எங்க போகுதுன்னு பார்த்து "நமக்கு இல்ல"ன்னு முடிவு பண்றது இருக்கே, அதான் ஆபத்து.

ஷின்சு_காத்து

மலையேறி ப்ரோ, பயமுறுத்தறீங்க. நான் இங்க பல வருஷமா இருக்கேன், புயல்னா பெரும்பாலும் ஒரு நாள், ஒன்றரை நாள். முந்தின நாள் ராத்திரி எட்டு மணி, பத்து மணிக்கு மாநகராட்சி லீவா இல்லையான்னு அறிவிக்கும், மொத்த ஊரும் போனையே பார்த்துட்டு இருக்கும், லீவு விட்டா மறுநாள் மழை கம்மியா இருந்தா மால்லயும் கேடிவிலயும் (கரோக்கே பாடற இடம்) கூட்டம் அள்ளும். வருஷத்துக்கு சராசரியா மூணு நாலு புயல்தான் நேரா பாதிக்கும். பத்து நாள் ட்ரிப்ல ஒண்ணு மாட்டறதுக்கு வாய்ப்பு கம்மி. மாட்டலன்னா செப்டம்பர் கடைசி வானம் இருக்கே, நீலம்னா அப்படி ஒரு நீலம்.

அதுவும் இல்லாம புயல் வரலன்னா இங்க அழுகற மொத ஆள் நாங்கதான். 2020-ல ஒரு புயல் கூட கரை ஏறல, 56 வருஷத்துல அதான் மொத தடவை, அடுத்த வருஷம் அணை எல்லாம் வத்திப் போயி சன் மூன் லேக்ல புல்லு மொளச்சு, எங்க ஃபேக்டரிக்கு லாரில தண்ணி வந்துச்சு. மே கடைசி ஜூன்ல மெய்யூ மழை வந்து காப்பாத்திச்சு. டூரிஸ்ட் திட்டற மழைலதான் இந்தத் தீவு ஓடுது.

மலையேறி

வெஸ்ட் சைடு ஃப்ளாட்ல உக்காந்துட்டு பேசறவங்களுக்கு புயல் ஒன்றரை நாள்தான். மலைக்கும் கிழக்குக்கும் புயல் போனப்புறம்தான் கதையே ஆரம்பிக்கும். ரோடு அடைச்சா திறக்க வாரக்கணக்காகும், சில சமயம் வருஷக்கணக்கு. 2009 ஆகஸ்ட் மொராகோட், அலிஷான்ல மூணு நாளுக்குள்ள 2,500 மி.மீக்கு மேல. அந்த மழைல அறுந்த அலிஷான் மலை ரயில் பாதை முழுசா திரும்ப ஓடினது எப்பன்னு தெரியுமா, 2024 ஜூலை 6. பதினஞ்சு வருஷம். புயல் "நாள்"ல அளக்கற விஷயம் இல்ல.

மேற்கும் தப்பல. 2025 ஜூலைல டானாஸ் மேற்குக் கரைல சியாயி பக்கம் ஏறி, தைனான் சியாயில ஓடு, தகரம் எல்லாம் பறந்து போயி கரன்ட் இல்லாம எத்தன நாள் கெடந்தாங்க. மலை மேற்கக் காப்பாத்தும்னு நெனைச்சவங்க எல்லாம் அன்னைக்கு வாய மூடிட்டாங்க.

ஷின்சு_காத்து

டானாஸ் விஷயத்துல நீங்க சொல்றது சரி. ஆனா அஞ்சு பேர் குடும்பம் தைபே–சன் மூன் லேக்–தைனான்னு ரயில்ல போறதுக்கும் நீங்க கூடாரம் தூக்கிட்டு மலை ஏறறதுக்கும் வித்தியாசம் இருக்கு ப்ரோ.

ரயில்பித்தன்

சண்டைக்கு நடுவுல ஒரு சின்ன விஷயம். 2026-ல நடு இலையுதிர் பண்டிகை செப்டம்பர் 25 வெள்ளி. செப்டம்பர் 28 ஆசிரியர் தினம் திங்கள், 2025-ல சட்டம் மாத்துனப்புறம் அதுவும் பொது லீவு. ஆக 25 டூ 28 நாலு நாள் தொடர் லீவு. ஜன்னல்சீட் நீங்க 24-ந் தேதி இறங்கறீங்க 😀

பொதுவாவே இப்ப லீவு நாள் கூடிடுச்சு. பழைய ப்ளாக பார்த்து "அக்டோபர்ல 10-ந் தேதி மட்டும்தான் லீவு"ன்னு நெனைச்சு வராதீங்க, இப்ப அக்டோபர் 25-ம் உண்டு, டிசம்பர் 25-ம் உண்டு. வர்ற முன்னாடி அந்த வருஷத்து அரசு லீவு காலண்டர ஒரு தடவை பாருங்க, அதுக்கப்புறம் மழை சார்ட்டப் பாருங்க.

குடைக்காரி

செப்டம்பர் அக்டோபர்ல தெற்குப் பக்கம் போறவங்க கொசுவையும் கணக்குல எடுக்கணும். தைனான்ல 2015-லயும் 2023-லயும் டெங்கு இருபதாயிரம் பேருக்கு மேல வந்துச்சு, ரெண்டு தடவையும் மழை விட்டு தண்ணி தேங்கி நின்ன அந்த சீசன்லதான் உச்சம். எல்லா வருஷமும் அப்படி இல்ல, ஆனா பையனுக்கு முழுக்கைச் சட்டை, கொசு க்ரீம் எடுத்துக்கோங்க.

யாழ்க்குருவி

இடையில புகுறதுக்கு மன்னிக்கோணும். தீவுக்குள்ள இருக்கிற தீவுகளுக்குப் போற ஆக்கள் ஆரும் இருந்தா அதுக்கு வேற கலண்டர். பெங்ஹுவில குளிர்காலத்தில காத்து நிக்கவே விடாது, ஏப்ரல் தொடக்கம் செப்டம்பர் வரைக்கும்தான் அங்க சீசன். கிரீன் ஐலண்ட், லான்யு கப்பல் குளிர்காலத்தில அடிக்கடி நிப்பாட்டுவினம், ஓடினாலும் சத்தி எடுக்காமப் போற ஆக்கள் குறைவு. மாட்சு எண்டா மார்ச்சில இருந்து மே வரைக்கும் பனிமூட்டம், விமானம் இறங்கேலாது, ஆனா கடல் நீலமா ஒளிர்றதைப் பாக்க சனம் தேடிப் போறதும் ஏப்ரலுக்குப் பிறகுதான். போனவை திரும்பி வரேலாமல் ரெண்டு நாள் கிடந்து வாறது அங்க சாதாரணம். திரும்பி வாற அடுத்த நாளே வேற நாட்டுக்கு ஃப்ளைட் போட்டிடாதேங்கோ.

ஜன்னல்சீட்

நன்றி. எங்களுக்கு சின்னத் தீவு எல்லாம் வேண்டாம், அம்மாவுக்கு போட்லயே பயம். சரி, மிச்சம் இருக்கறது மே 23 டூ ஜூன் 1. அது எவ்ளோ மோசம்னு யாராவது சொல்லுங்க. அந்த மெய்யூ மழைன்னு தேடினா "தொடர்ந்து ஒரு மாசம் மழை"ன்னு வருது.

கீலுங்வாசி

தொடர்ந்து இல்ல. மே நடுவுல இருந்து ஜூன் நடு வரைக்கும் அந்த சீசன். வடக்குல இருந்து வர்ற குளிர்ந்த காத்தும் தெற்குல இருந்து வர்ற சூடான ஈரக் காத்தும் நேருக்கு நேர் முட்டிக்கிட்டு, எதுவும் விட்டுக் குடுக்காம தைவான் தலைக்கு மேல நிக்கும், அந்தக் கோட்டுக்குக் கீழ இருக்கறவனுக்கு மழை. கோடு நிக்கற மூணு நாலு நாள் நல்லா வாங்கும், அப்புறம் மேல போயிடும் இல்ல கீழ இறங்கிடும், நாலஞ்சு நாள் பளிச்சுன்னு வெயில், அப்புறம் அடுத்த கோடு. சில வருஷம் சொல்லிக்கற மாதிரி ஒண்ணுமே பெய்யாது. சில வருஷம் தெற்குல ரோடு முங்கும்.

குளிர்கால மழைக்கும் இதுக்கும் வித்தியாசம் என்னன்னா இது சூடான மழை. 28 டிகிரில நனைஞ்சா யாருக்கும் ஒண்ணும் ஆகாது. புழுக்கம் மட்டும் தாங்கணும், சட்டை காலைல போட்டது பதினோரு மணிக்கே ஒட்டிக்கும்.

தெற்குச்சீமை

மூணுல எனக்கும் மே கடைசிதான். காரணம் மழை கம்மின்னு இல்ல, மழை இருக்கத்தான் இருக்கும். ஸ்கூல் லீவு இன்னும் விடல, மே 1 லாங் வீக்கெண்ட் முடிஞ்சிடும், டிராகன் படகு விழா 2026-ல ஜூன் 19, அதுக்கு முன்னாடியே நீங்க கெளம்பிடறீங்க. ரயில் காலி, ஹோட்டல் ரேட் கீழ. புயல் வரவே வராதுன்னு இல்ல, ஆனா மே மாசத்துல அபூர்வம். பிப்ரவரின்னா அவஸ்தை கன்ஃபர்ம். செப்டம்பர்னா லாட்டரி, விழுந்தா அமோகம் விழலன்னா ட்ரிப்பே போச்சு. மே கடைசின்னா நனைவீங்க, ஆனா எங்கயும் மாட்டிக்க மாட்டீங்க.

ஜூலை ஆகஸ்ட்ட நீங்க கேக்கல, இருந்தாலும் சொல்லிடறேன், வயசானவங்கள கூட்டிட்டு அந்த ரெண்டு மாசம் வராதீங்க. தைபே ஒரு கிண்ணத்துக்குள்ள இருக்கற ஊரு, சூடு வெளிய போக வழி இல்ல. 2020 ஜூலை 24 அங்க 39.7 டிகிரி, 1896-ல பதிவு ஆரம்பிச்சதுல இருந்து அதான் அதிகபட்சம். மதியம் ரெண்டு மணிக்கு மேல இடியோட ஒரு மழை கொட்டும், அது நின்னப்புறம் குளிரும்னு பார்த்தா ஆவி கெளம்பும்.

மலையேறி

மே கடைசிக்கு நானும் ஓகே சொல்றேன், ஆனா ரூட் மாத்தணும்.

டரோகோவ லிஸ்ட்ல இருந்து எடுத்துடுங்க. 2024 ஏப்ரல் 3 பூகம்பத்துல பள்ளத்தாக்கு நொறுங்கி, அதுக்கப்புறம் வந்த புயல் எல்லாம் மிச்சத்தையும் சரிச்சிருச்சு, கொஞ்ச இடம்தான் திறந்திருக்காங்க. தளர்ந்து கெடக்கற மலைல மெய்யூ மழை பெஞ்சா கல்லு உருளும். மழைக்கு அடுத்த நாள் வெயில் அடிக்குதேன்னு போவாங்க, பாறை விழறது நிறைய அடுத்த நாள்லதான். அலிஷான் போங்க, ஆனா சூரிய உதயம் பாக்கணும்னு வெறியோட போகாதீங்க, மே கடைசில பாதி நாள் மேகம்தான் தெரியும். மேகமே அழகுதான்னு நெனைக்கறவங்களுக்கு அலிஷான் அப்ப அருமை. பெரிய மழை எச்சரிக்கை வந்துட்டா அன்னைக்கு மலைப் பக்கம் போகாம அடிவாரத்துல சியாயிலயே தங்கிடுங்க.

ஷின்சு_காத்து

பாருங்க, கடைசில நானும் மலையேறியும் ஒரே கட்சி.

கெண்டிங்கும் மே கடைசி நல்லா இருக்கும் அக்கா. பிப்ரவரில போயிருந்தீங்கன்னா அங்க மலைல இருந்து இறங்கற காத்து அடிக்கும், லுவோஷான்ஃபெங்னு சொல்வாங்க, அக்டோபர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும். மணல் கண்ணுல குத்தும், பையன் பீச்ல நிக்க முடியாது. "தைவான் தெற்கு குளிர்காலத்துல சூப்பர்"னு படிச்சுட்டு ஜனவரில கெண்டிங் போய் தொப்பி பறிகொடுத்தவங்க நிறைய. எங்க ஷின்சுவுக்கும் காத்து ஊர்னுதான் பேரு, ஆனா நாங்க அந்தக் காத்துல பெர்சிம்மன் பழம் காயப் போட்டு காசு பாக்கறோம் 😄

குடைக்காரி

மே கடைசிக்கு சில டிப்ஸ். குடை பெருசா தூக்கிட்டு வராதீங்க, எந்த கன்வீனியன்ஸ் ஸ்டோர்லயும் கிடைக்கும், மெலிசான மழைக் கோட்டும் கிடைக்கும். ஷூ ரெண்டு ஜோடி அவசியம், ஒண்ணு காயும்போது இன்னொண்ணு. ஹோட்டல் புக் பண்ணும்போது வாஷிங் மெஷின், ட்ரையர் இருக்கான்னு பாருங்க, இல்லன்னா மூணாம் நாள் எல்லாத் துணிலயும் ஒரு வாடை வரும். தைபேல மழை நாளுக்கு தேசிய அரண்மனை மியூசியத்த ஒதுக்கி வைங்க, அதுக்குன்னு தேதி குறிக்காதீங்க, என்னைக்கு கொட்டுதோ அன்னைக்குப் போங்க. தைபே மெயின் ஸ்டேஷன் சுத்தி கீழயே அண்டர்கிரவுண்ட் கடைத் தெரு நீளமா ஓடுது, வெளிய வராமலே அரை நாள் ஓட்டலாம், லிஃப்டும் இருக்கு.

ஜியுஃபென் அப்பாவுக்கு வேண்டாம்னு கீலுங் அண்ணா சொன்னது எந்த மாசத்துக்கும் பொருந்தும். அப்பாவும் நீங்களும் கீழ டீ கடைல உக்காருங்க, மத்தவங்க ஏறிட்டு வரட்டும்.

இன்னொண்ணு. ஒருவேளை ஏதாவது புயல் எச்சரிக்கை வந்தா அலை பாக்கறேன்னு யாரும் கடற்கரைக்குப் போயிடாதீங்க. மூடுன இடத்துக்குள்ள போனா பேரிடர்ச் சட்டத்துல 50,000-ல இருந்து 2,50,000 தைவான் டாலர் வரைக்கும் அபராதம். டூரிஸ்ட்னு விட மாட்டாங்க.

ஜன்னல்சீட்

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி. ஹஸ்பண்ட் கிட்ட இந்த இழைய அப்படியே காமிச்சேன், "மூணு தேதில எது நல்லதுன்னு நாலு நாளா யோசிச்சோம், ஒண்ணு கூட நல்லது இல்லன்னு நாலு பேர் அரை மணி நேரத்துல சொல்லிட்டாங்க"ங்கறாரு. மே 23 ஃபிக்ஸ். டரோகோ கட். தைபே நாலு நாள், அப்புறம் சன் மூன் லேக், சியாயில ரெண்டு நாள் வச்சு அதுல நல்ல நாள் பார்த்து அலிஷான், கடைசியா கெண்டிங், காவ்ஷியுங். இது சரியா வருமா?

மலையேறி

சியாயில ரெண்டுக்குப் பதிலா மூணு வைங்க. கெண்டிங்க ஒரு நாள் குறைங்க. அலிஷானுக்கு மலை ரயில்லயே போகணும்னா டிக்கெட் முன்னாடியே போடணும், ஆனா மழை வந்தா ரயில் மொதல்ல நிக்கும், பஸ் அப்புறம்தான் நிக்கும். அதனால ரயில் ஒரு பக்கம், பஸ் ஒரு பக்கம்னு வச்சுக்கோங்க.

ரயில்பித்தன்

மே 23-க்கு ஹை ஸ்பீடு டிக்கெட் ஏப்ரல் 25-ல திறக்கும். ரொம்ப அவசரம் இல்ல, ஆனா முன்கூட்டி போட்டா தள்ளுபடி சீட் கிடைக்கும், அது சீக்கிரம் தீரும். அன்னைக்கு சனிக்கிழமைங்கறத மறக்காதீங்க.

தெற்குச்சீமை

காவ்ஷியுங் வந்தா மழை பெஞ்சா எங்க போறதுன்னு கேளுங்க அக்கா, லிஸ்ட் தரேன்.

புதுப்பயணி

இப்பதான் முழுசா படிச்சேன். நான் ஜூலை 20 டூ 28 தைதுங், ஹுவாலியன், லான்யுன்னு நான்-ரீஃபண்டபிள்ல போட்டு வச்சிருக்கேன். ஒண்ணும் பிரச்சினை இல்லல்ல?

மலையேறி

2024-ல கேமி புயல் வந்தது ஜூலை 24, 25. லான்யுவ மொத ரெண்டு நாள்ல முடிச்சிட்டு மெயின் தீவுக்கு வந்துடுங்க, கடைசில வைக்காதீங்க. மிச்சத்த தனி இழைல கேளுங்க, இங்க அக்காவோட ப்ளான் கலைஞ்சிடும்.